காலையில் மட்டும் நூற்று ஐம்பத்தொன்பது

அச்சன்புதூர் உமாராணியின் உயரம் என்ன என்று யாராவது கேட்டால், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். வேடிக்கைக்குச் சொல்வதல்ல இது. ஒரு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்தப் பதிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உமாராணி செல்லச்சாமியின் மகள். செல்லச்சாமிக்கு வயல் உண்டு, வாய்க்கால் பாசனம் உண்டு, இரண்டையும் பற்றிய புகார் நிறைய உண்டு. அவர்கள் தெருவில் சீருடை போட்ட ஓர் ஆளாவது இல்லாத வீடு கிடையாது. பட்டாளம், போலீஸ், சிறைக்காவல் என்று பிரிந்து கிடப்பார்கள். கோயில் கொடைக்கு எல்லோரும் லீவில் வந்தால் தெரு முழுக்க ஒரே முடிவெட்டு நடமாடும். உமாராணியின் அண்ணன் வேல்ராஜ் பட்டாளத்தில் இருக்கிறான். பனி பெய்கிற ஏதோ ஓரிடத்திலிருந்து வீடியோவில் பேசுவான். பாதிப் பேச்சில் முகம் அப்படியே உறைந்து நிற்கும். அது குளிராலா, நெட்வொர்க்காலா என்று அம்மா குருவம்மாளுக்கு இன்றுவரை சந்தேகம்.

உமாராணி படித்தது இயற்பியல். மாலையில் தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவீடு, இயக்கம், விசை ஆகிய பாடங்களை நடத்துகிறாள். எந்தக் கருவியும் முழுச் சரியாக அளக்காது, எவ்வளவு தப்பாக அளக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அறிவியல் என்று அவள் சொல்லும்போது பிள்ளைகள் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். பெண் காவலருக்கு உயரம் நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் என்று அறிவிப்பில் படித்தபோது, முன்னே பின்னே எவ்வளவு விடுவார்கள் என்று பழக்க தோஷத்தில் அவள் தேடிப் பார்த்தாள். அறிவிப்பு எழுதியவர்கள் அவளிடம் டியூஷன் படித்தவர்கள் அல்லர். விடமாட்டார்கள்.

போலீஸ் ஆசை தெருவிலிருந்து தொற்றியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது குற்றாலத்தில் தொற்றியது. பள்ளிக்கூட நாளில், நல்ல சீசன் ஞாயிற்றுக்கிழமை, பேரருவியில் பெண்கள் பக்கம் குளிக்கப் போயிருந்தாள். உள்ளே நின்ற கூட்டம் நகரமாட்டேன் என்கிறது; வெளியே நின்ற கூட்டம் பொறுக்கமாட்டேன் என்கிறது. நடுவில் நனைந்த காக்கியில் ஒரு பெண் காவலர். அவர் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. விசிலை ஒரு முறை ஊதிக் கையை இடமிருந்து வலமாகக் காட்டினார். அத்தனை பேரும் நகர்ந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் அசையாத பெரியம்மாகூட நகர்ந்தாள். விசையைத் தொடு விசை, தொடா விசை என்று இரண்டாகப் பிரித்துப் புத்தகம் பிற்பாடு சொன்னபோது, தொடா விசைக்குக் காந்தத்தை உதாரணமாக எழுதினாள். மனதில் இருந்தது அந்த விசில்.

எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டாள். அடுத்தது உயரம், அதன்பின் ஓட்டம், தாண்டுதல். உயரத்தைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. வீட்டு நடையில், உள்வாசல் நிலையில் ஒரு கோடு இருந்தது. பட்டாளத்துக்குத் தேர்வான வருஷம் வேல்ராஜ் டேப் பிடித்து அளந்து அரிவாள் நுனியால் கீறிய கோடு. "ஏட்டி, பொம்பளப் போலீசுக்கு இதுதான் கணக்கு. இத தாண்டிட்டன்னா நீயும் டூட்டிதான்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான். கல்லூரி முடித்த பிறகு ஒருநாள் உமாராணி நிலையோடு முதுகை ஒட்டி நின்றாள். குருவம்மாள் தலையில் அரிசி முறத்தை வைத்துப் பார்த்து, கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடைக்கும் கூடவே இருக்கிறது என்றாள். விஷயம் அத்தோடு முடிந்தது. ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் மட்டும் பயிற்சி எடுத்தால் போதும்.

பயிற்சி இலஞ்சியில் ஒரு பள்ளி மைதானத்தில். மாலை நான்கு மணிக்கு அங்கே ஓடிவிட்டு, ஆறு மணிக்குத் தென்காசியில் பாடம் நடத்துவாள். கூட ஓடுகிறவள் கடையநல்லூர் சஃப்ரின். அவள் இயற்கையிலேயே உயரம். பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கையை மடக்க வேண்டியிருக்கும். உடற்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வரும் காலம் நெருங்கியதால், ஒருநாள் ஓட்டம் முடிந்து சுவரோரம் நிறுத்தி எல்லோரையும் அளந்தார்கள். உமாராணியை அளந்த சஃப்ரின் டேப்பைப் பார்த்தாள், உமாராணியைப் பார்த்தாள், மறுபடி டேப்பைப் பார்த்தாள்.

"ஏட்டி, செருப்பக் கழத்தும்போது காலையும் சேத்துக் கழத்திட்டியா?"

"என்னட்டி சொல்லுத?"

"நூத்தம்பத்தெட்டும் கொஞ்சமும்தான் வருது."

"உன் டேப் தப்பு."

பிழையே இல்லாத கருவி இல்லை என்று போதிக்கிறவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது மற்றவர் கருவி மேல்தான். மனித இயல்பு. ஆஸ்பத்திரியில் உயரம் பார்க்கும் கம்பியின் கீழ் நின்றாள். உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றாள். கதவு செய்யும் பட்டறையில் இரும்பு டேப்பைக் கேட்டு வாங்கி நின்றாள். எல்லாக் கருவிகளும் அவளுக்கு எதிராகப் பேசி வைத்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்லின. வீட்டுக்கு வந்து நிலையோடு நின்றாள். முறம், கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடைக்கும் கூட.

அந்த வாரம் வகுப்பில் சுழிப்பிழை நடத்திக்கொண்டிருந்தாள். அளவுகோலின் தொடக்கம் சுழியில் இல்லாமல் நகர்ந்திருந்தால், அதன்பிறகு எவ்வளவு கவனமாக அளந்தாலும் விடை தப்பாகத்தான் வரும். தப்பு மேலே வாசிக்கிற இடத்தில் இல்லை, கீழே தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டாள். மறுநாள் காலை வீட்டு நடையில் கோலமாவு டப்பாவைத் தவறவிட்டுத் தரையைத் துடைக்கக் குனிந்தபோதுதான் தரையைப் பார்த்தாள். பளபளவென்று டைல்ஸ்.

"எம்மா, இந்த டைல்ஸ் எப்பம் போட்டது?"

"உங்கண்ணன் மொத லீவுல வந்தப்ப. ஏன்?"

"பழைய தரைய ஒடச்சிட்டா போட்டாங்க?"

"அதையும் ஒடச்சா யாருக்குட்டி வேல? சிமெண்டப் போட்டு அதுமேலயே ஒட்டுனாங்க. கதவு தரையில தட்டுதுன்னு அடியில இழைச்சு எடுத்தாங்களே, மறந்துட்டியா? நீதான சுருள் சுருளா கெடந்த மரத்தூள அள்ளுன."

கதவின் உயரத்தைத் திருத்திய குடும்பம், கோட்டின் உயரத்தைத் திருத்தவில்லை. கோடு பழைய தரையிலிருந்து அளந்தது. பெண் நின்றது புதிய தரையில். அண்ணன் பட்டாளத்துக்குப் போனதால் வீடு உயர்ந்தது. வீடு உயர்ந்ததால் தங்கை உயர்ந்துவிட்டதாக எல்லோரும் நம்பியிருந்தார்கள். உமாராணி அந்த டைல்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபத்துமூன்று வயதில் யாரும் வளர்வதில்லை. முக்கால் சென்டிமீட்டர் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. எழுத்துத் தேர்வில் எடுத்த மதிப்பெண் எதையும் அதற்கு மாற்றாகக் கொடுக்க முடியாது.

செய்தி தெருவில் பரவ அதிக நேரம் ஆகவில்லை. சாயங்காலமே தளவாய் வந்துவிட்டார். செல்லச்சாமிக்குத் தம்பி முறை, உமாராணிக்குச் சித்தப்பா. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யார் எந்தத் தேர்வுக்குப் போனாலும் யாரும் கேட்காமலே உதவிக்கு வந்துவிடுவார்.

"அண்ணே, இதுக்கா வீடே சவக்களையா இருக்கு? மனுசன் உயரம்ங்கது தோசமாவு மாதிரி. ராத்திரி பொங்கும், பகல்ல அமுங்கும். எப்பம் அளக்கோம்ங்கதுலதான் சூட்சுமம்."

"சித்தப்பா, மாவு புளிக்கும், பொங்கும். நான் எதுக்குப் பொங்கணும்?" என்றாள் உமாராணி.

"ராத்திரி படுத்தா ரத்தம் தலைக்கு ஏறும். ஏறி மண்டைய மேல தள்ளும். அதான்."

"அப்படில்லாம் தள்ளாது."

"தள்ளுதோ தள்ளலையோ, காலம்பற அளந்து பாரு. அளந்து பாக்கதுதான உன் பாடம்?"

உமாராணி பட்டறையிலிருந்து இரும்பு டேப்பை இரவல் வாங்கி, டைல்ஸிலிருந்து தொடங்கி சுவரில் சரியான கோடு போட்டு, எழுந்தவுடன் ஒரு தடவை, படுக்கப் போகும்முன் ஒரு தடவை என்று பார்த்தாள். படுக்கும்போது நூற்று ஐம்பத்தெட்டும் கொஞ்சமும். எழும்போது நூற்று ஐம்பத்தொன்பதும் மயிரிழையும். மறுநாளும் அப்படியே. தளவாய் சொன்னது நடந்தது. சொன்ன காரணம்தான் சுத்தப் பொய். முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் தட்டுகளைப் பகல் முழுக்க உடம்பின் எடை அமுக்குகிறது. படுத்தால் அந்தப் பாரம் இறங்கி அவை மறுபடி உப்புகின்றன. பூமி ஒவ்வொரு நாளும் உமாராணியை ஒரு நகக்கண் அளவு தன் பக்கம் இழுத்து, இரவில் விட்டுவிடுகிறது. அவள் காலையில் போலீசுக்குத் தகுதியானவள். சாயங்காலத்தில் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே. காலை உயரத்தைச் சிந்தாமல் சிதறாமல், தேர்வு நடக்கும் திருநெல்வேலி மைதானம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

தளவாய் பொறுப்பேற்றுக்கொண்டார். பளு தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் தொடக் கூடாது. இந்த இரண்டும் பரவாயில்லை. மூன்றாவது உத்தரவு கொடுமையானது.

"அளந்து முடியுத வரைக்கும் குத்தாலத்துப் பக்கம் போகவே கூடாது. அம்புட்டு தண்ணி தலையில விழுந்தா ஆணிய சுத்தியலால அடிச்ச மாதிரி ஆள் உள்ள எறங்கிருவா."

தென்காசிப் பக்கத்தில் பிறந்த ஒருத்தியிடம் சீசனில் சொல்லக் கூடிய பேச்சா அது? சாரல் விழுகிறது, காற்று வீசுகிறது, வெளியூர் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. உமாராணி இயற்பியலோடு வாதாடினாள். அருவித் தண்ணீர் தலையில் மோதித் தன் உந்தத்தை இழக்கும்போது ஒரு விசை அமுக்குவது உண்மைதான். ஆனால் தண்ணீர் தோள் வழியாக ஓடிவிடும், வெளியே வந்ததும் விசையும் போய்விடும், ராத்திரி தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட ஒத்துக்கொள்ளும் வாதம். தளவாயும் ஒத்துக்கொண்டார். "நீ சொல்லுதது கரெக்ட்டுதான். ஆனா போகாத" என்றார்.

அதைவிட ஆச்சரியம், அவள் போகவில்லை. அது மூடநம்பிக்கை என்று நிரூபித்துவிட்டு, அதன்படியே நடந்தாள். டியூஷன் பிள்ளைகள் ஈரத்தலையோடு வகுப்புக்கு வந்தபோது பொறாமையோடு பார்த்தாள். வீட்டில் குருவம்மாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், "சொம்பு பரவாயில்லையாட்டி, இல்ல ஸ்பூன்ல ஊத்தவா?" என்று கேட்டாள்.

அழைப்பு வந்தது. காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்து போனால்கூட முதுகு அமுங்கும் என்பது தளவாயின் கட்சி. இந்த முறை இயற்பியலும் அவர் கட்சி. ஆகவே பக்கத்துத் தெரு பிச்சுமணியின் குட்டியானையைப் பேசினார்கள். தேங்காய் ஏற்றும் வண்டி. மட்டைத் தூசியைக் கூட்டித் தள்ளி மெத்தை விரித்தார்கள். விடியுமுன்னே உமாராணியைக் கட்டிலிலிருந்து நிமிரவிடாமல், செல்லச்சாமி தலைமாட்டிலும் தளவாய் கால்மாட்டிலுமாகப் பாயோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள். எதிர்வீட்டு நாய் ஒரு மாதிரியாகக் குரைத்தது.

"எந்திரிச்சே வந்திருப்பேன்லா, அசிங்கமா இருக்கு" என்றாள் உமாராணி, மல்லாந்தபடி.

"பேசாத. பேசுனா உயரம் கொறையும்" என்றார் தளவாய். இதற்கு எந்தப் பாடத்திலும் ஆதாரம் கிடையாது.

பிச்சுமணி வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக ஓட்டினார். இருந்தும் பாவூர்சத்திரம் தாண்டி ஒரு மாட்டுக்காக பிரேக் அடித்தார். வண்டி நின்றது, உமாராணி நிற்கவில்லை. மெத்தையோடு வழுக்கிப் போய் டிரைவர் பக்கத்துத் தகட்டில் தலை இடிக்கப் போகும்போது குருவம்மாள் தாவிப் பிடித்தாள்.

"ஏ அண்ணாச்சி, புள்ள மண்ட நசுங்கிப்போனா அந்த அளவுக்கு யாரு பொறுப்பு?"

"மாடு குறுக்க வந்துட்டும்மா."

"நிலைமம்" என்றாள் உமாராணி படுத்தபடியே, யாரிடம் என்றில்லாமல்.

ஆலங்குளத்துக்கு முன்னால் வாகனச் சோதனை. இளம் காவலர் ஒருவர் டார்ச்சைப் பின்பக்கம் அடித்தார். தேங்காய் வண்டியில் மெத்தை, மெத்தையில் ஒரு பெண், தலையைப் பிடித்தபடி ஓர் அம்மாள், காலைப் பிடித்தபடி ஒருவர். காவலர் முகம் மாறியது.

"யாருக்கு என்ன? ஆஸ்பத்திரிக்கா?"

"இல்ல சார்" என்றார் செல்லச்சாமி. "போலீசுக்கு."

"என்ன கேசு?"

"கேசு இல்ல சார். செலக்‌ஷன். உயரம் கொஞ்சம் இழுபறி."

காவலர் டார்ச்சை அணைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கம்மா என்னைய மாட்டுவண்டியில வச்சுக் கூட்டிட்டுப் போனா. எந்திரிக்க விட்றாதீங்க. போங்க" என்றார்.

மைதானத்தில் எல்லா ஊர்ப் பெண்களும் வந்திருந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. சஃப்ரின் முன்னால் இடம் பிடித்து வைத்திருந்தாள். நின்றால் அமுங்கும், படுத்தால் அசிங்கம் என்று உமாராணி தவித்துச் சுற்றிலும் பார்த்தாள். மதிலோரம் துப்பட்டாவை விரித்து வரிசையாகச் சில பெண்கள் மல்லாந்து கிடந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் காவலுக்கு ஓர் அம்மாவோ சித்தப்பாவோ. தளவாய்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவளும் போய்ப் படுத்துக்கொண்டாள். வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் படுத்திருந்த சங்கரன்கோவில் பெண் திரும்பாமலே கேட்டாள்.

"உனக்கு எவ்வளவு கொறையுது?"

"காலையில கொறையல. சாயங்காலம்தான்."

"எனக்கு மத்தியானத்துலருந்தே."

எண் கூப்பிட்டார்கள். வெறுங்காலில் பலகையில் ஏறி, குதிகாலை ஒட்டி, தோளை ஒட்டி நின்றாள். தலையில் சட்டம் இறங்கி உட்கார்ந்தது. அளந்த பெண் அதிகாரி குனிந்தோ நிமிர்ந்தோ பார்க்கவில்லை. முக்காலி மேல் ஏறி, அளவுக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்க்க வேண்டுமென்று உமாராணி வகுப்பில் சொல்லுவாளோ அப்படியே.

"நூத்தம்பத்தொம்பது புள்ளி ஒண்ணு. மயிரிழையில இருக்கு. இறங்கி மறுபடி ஏறும்மா, இன்னொரு தடவ பாத்துருவோம்."

இறங்கினாள், ஏறினாள். மூச்சை உள்ளே இழுத்தாளா, வெளியே விட்டாளா என்று அவளுக்கே நினைவில்லை.

"நூத்தம்பத்தொம்பது."

எந்த அளவீட்டையும் மூன்று முறையாவது எடுத்துச் சராசரி காண வேண்டும் என்று பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிற உமாராணி, மூன்றாவது முறை மட்டும் வேண்டாம் என்று இலஞ்சி முருகனிடம் மனமுருகி வேண்டிக்கொண்டாள். முருகன் அறிவியலுக்கு விரோதமாக நடந்துகொண்டார்.

"தகுதி. அடுத்த ஆள் வாங்க" என்றார் அதிகாரி.

அதன்பிறகு ஓட்டம். மைதானத்தைச் சுற்றி நானூறு மீட்டர் ஓடிப் புறப்பட்ட கோட்டுக்கே திரும்ப வேண்டும். கடந்த தொலைவு நானூறு, இடப்பெயர்ச்சி சுழி என்று அவள் வகுப்பில் இதற்குத்தான் கணக்குப் போடுவாள். அன்றைக்கு ஓடி முடித்துக் கோட்டில் குனிந்து நின்று இரைத்தபோது, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. பள்ளி மைதானத்து மணலில் அத்தனை மாலைகள் விழுந்து எழுந்தது வீண்போகவில்லை. சஃப்ரினும் தேறினாள். தேறியும், தன் தோழி தன்னைவிடத் தூரம் தாண்டிவிட்டாள் என்பதில்தான் அவளுக்கு வருத்தம்.

"அம்புட்டு காலு எனக்கு. இம்புட்டு காலு இவளுக்கு. எப்படிட்டி தாண்டுத?"

"படுத்துட்டே வந்தேன்லா. மிச்சம் இருந்துச்சு."

திரும்பும்போது உமாராணி வண்டியில் உட்கார்ந்தே வந்தாள். பிச்சுமணி தன் வழக்கமான வேகத்தில் ஓட்டினார். எல்லா மேட்டுப்பள்ளங்களும் அவள் முதுகுத்தண்டில் ஏறி இறங்கின, யாரும் தடுக்கவில்லை. அன்று மாலை வேல்ராஜ் வீடியோவில் வந்தான். விஷயத்தைக் கேட்டு உறையாமல் சிரித்தான்.

"நாந்தான் கோடு போட்டுக் குடுத்தேன்லா? அதுலதான் ஜெயிச்ச."

"கோடு சரிண்ணே. டைல்ஸ் போட்டியே, அதான் தப்பு."

"எங்க, நில்லு பாப்போம்."

சுவரில் போட்ட சரியான கோட்டில் அவள் நின்றாள். செல்லச்சாமி போனைப் பிடித்துக்கொள்ள, குருவம்மாள் முறத்தை வைத்துப் பார்த்தாள். நாள் முழுக்க ஓடித் தாண்டி வண்டியில் குலுங்கியதில் நூற்று ஐம்பத்தெட்டுக்கும் கொஞ்சம் கீழே இருந்தது.

"எம்மா, எறங்கிட்டாளே" என்றார் செல்லச்சாமி, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வாசல்பக்கம் பார்த்தபடி.

"எறங்கட்டும்ணே. திரும்ப அளக்க மாட்டாங்க" என்றார் தளவாய்.

நடையில் பழைய கோட்டை அழிப்பதா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று உமாராணியே சொல்லிவிட்டாள். தப்பான கோடு ஒன்று கண்முன்னால் இருந்தால் பாடம் நடத்த வசதி என்பது அவள் காரணம். தப்பென்று தெரியாததால்தானே இத்தனை காலம் தைரியமாக ஓடினோம் என்று அப்பாவிடம் வேறு காரணம் சொன்னாள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இரண்டும் உண்மை.

இறுதிப் பட்டியலில் பெயர் வந்தபோது சீசன் முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பேரருவியில் தண்ணீர் இருந்தது. உமாராணியும் சஃப்ரினும் குருவம்மாளும் போனார்கள். அத்தனை நாள் விட்டதற்கெல்லாம் சேர்த்து, அருவிக்கு நேர் கீழே, மொத்தத் தண்ணீரும் உச்சந்தலையில் விழும்படி உமாராணி போய் நின்றாள். பாறையைப் பிடித்துக்கொண்டாள். காதில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. சஃப்ரின் குளித்து வெளியே வந்து துவட்டியும் விட்டாள். உமாராணி நகரவில்லை.

விசில் ஒலித்தது.

"ஏம்மா பச்சைச் சுடிதார், எவ்வளவு நேரம்? பின்னால ஆளு நிக்குல்லா, நகரு."

உமாராணி கண்ணைத் திறந்தாள். நனைந்த காக்கியில் ஒரு பெண் காவலர், கையை இடமிருந்து வலமாகக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் நகர்ந்தாள். அருவிக்கு வெளியே வந்து தலையைச் சிலுப்பிக்கொண்டு, ஈரக் கைகளுக்குள் விசில் நழுவாமல் இருக்க அந்தக் காவலர் கயிற்றை எந்த விரலில் எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறார் என்று உற்றுப் பார்த்தபடி நின்றாள்.